அமெரிக்க ஃபெடரல் சிறையில் 60 மாதம்: எந்த வழி எவ்வளவு குறைக்கும், எந்த வழி காசை மட்டும் குறைக்கும்

அமெரிக்காவில் ஃபெடரல், அதாவது மத்திய அரசு, வழக்கில் ஒருவர் மாட்டினால் வீட்டார் முதலில் கேட்பது "பரோல் எப்ப கிடைக்கும்?" என்றுதான். கிடைக்காது. நம்மூரில் பரோல் என்றால் தங்கை கல்யாணத்துக்கோ அப்பா காரியத்துக்கோ நாலு நாள் வெளியே வந்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுப்பது. அங்கே அந்தச் சொல்லுக்கு, மீதித் தண்டனையை வெளியிலேயே கழிக்கலாம் என்று ஒரு வாரியம் முடிவு செய்து அனுப்பிவைப்பது என்று அர்த்தம். மாநிலச் சிறைகள் பலவற்றில் அது இன்னும் இருக்கிறது. ஃபெடரலில் 1984-இல் வந்த சட்டம் அதை ஒழித்துவிட்டது. 1987 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த குற்றம் எதற்கும் பரோல் இல்லை. அண்ணா பிறந்தநாளுக்குப் பட்டியல் போட்டு விடுவிக்கிற வழக்கமும் அங்கே கிடையாது.

போன வருடம் தெரிந்த குடும்பம் ஒன்று தடியான ஃபைல் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தது. மருத்துவ பில்லிங் மோசடி வழக்கு, விசாரணைக்குப் போய்த் தோற்று 60 மாதம் வாங்கியிருந்தார் அந்த வீட்டுப் பையன். பையன் என்றால் நாற்பது தாண்டியவர்தான், அம்மாவுக்குப் பையன். ஃபைலில் முக்கால்வாசி அப்பீல் செலவும், ஜனாதிபதி மன்னிப்புக்கு மனுப் போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் கேட்ட தொகையும்தான். உள்ளே இருந்தபடியே நாட்களைக் குறைக்கும் வழிகளைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. நான் வக்கீல் இல்லை, இந்தச் சட்டங்களை நிறையப் படித்தவன், அவ்வளவுதான். ஆனால் இதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்: வாய்ப்பு எங்கே குறைவோ அங்கேதான் பணம் போகிறது, ஒரு படிவமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நிச்சயமாகக் கிடைக்கக்கூடியதை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஒரே வழக்கில் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் கேலியன் வழக்கை விடப் பொருத்தமானது இல்லை. ராஜ் ராஜரத்தினம், கொழும்பில் பிறந்த தமிழர், நியூயார்க்கில் கேலியன் என்ற பெரிய முதலீட்டு நிதியை நடத்தியவர். நிறுவனங்களின் ரகசியத் தகவலை முன்கூட்டியே வாங்கிப் பங்கு வியாபாரம் செய்தார் என்று 2009-இல் கைது. அவருக்குத் தகவல் கொடுத்தவர்களில் இரண்டு பேர், மெக்கின்சியில் இருந்த அனில் குமாரும் இன்டெலில் இருந்த ராஜீவ் கோயலும், வார்ட்டன் கல்லூரியில் அவரோடு படித்தவர்கள். இருவரும் 2010 தொடக்கத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, நம்மூர் பாஷையில் அப்ரூவராகி, கோர்ட்டில் கூண்டேறி நண்பருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். 2012-இல் இருவருக்கும் கிடைத்தது நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். ஒரு நாள்கூடச் சிறைத் தண்டனை இல்லை. அதே வலையில் சிக்கிய இன்னொரு முதலீட்டு நிறுவன ஆய்வாளர் டேனியல் சியேசி என்ற பெண்ணும் ஒப்புக்கொண்டார், ஆனால் யாருக்கு எதிராகவும் சாட்சி சொல்லவில்லை: 30 மாதம். விசாரணை வேண்டும் என்று நின்ற ராஜரத்தினத்துக்கு 14 குற்றச்சாட்டிலும் தோல்வி, 11 வருடம். ஆளுக்கு ஆள் பங்கு வேறுதான், தலைவரையும் தகவல் கொடுத்தவரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாதுதான், ஆனாலும் இந்த இடைவெளியைப் பார்த்தால் ஒன்று புரியும். ஃபெடரல் வழக்கில் மிகப் பெரிய குறைப்பு தீர்ப்புக்கு முன்னால்தான் இருக்கிறது. (நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: அவர் தம்பி ரெங்கன் விசாரணைக்குப் போனார், 2014-இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. ஜெயிக்கிறவர்களும் உண்டு. ஆனால் தண்டனை பெறுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒப்புக்கொண்டு போகிறவர்கள்தான்.)

சரி, தீர்ப்புக்கு முன் என்ன நடக்கிறது? ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. பக்கவாட்டில் குற்றத்தின் நிலை, 1 முதல் 43 வரை. மேலே முந்தைய குற்ற வரலாறு, ஆறு கட்டம். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில் மாத எண்ணிக்கை இருக்கும். 2005-இல் உச்ச நீதிமன்றத்தின் புக்கர் தீர்ப்பு வந்த பிறகு ஜட்ஜ் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை, ஆனாலும் பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். முதல் தடவை மாட்டியவர், நிலை 24 என்றால் 51 முதல் 63 மாதம். நம்ம பையன் நின்றது இந்தக் கட்டத்தில்தான். ஒப்புக்கொண்டிருந்தால் மூன்று நிலை குறைந்து 21-க்கு வந்திருப்பார், 37 முதல் 46 மாதம். கையெழுத்து ஒன்றுக்கு ஒரு வருடத்துக்கும் மேல். பழைய கணக்கு எதுவும் இல்லாதவருக்கு 2023 நவம்பரிலிருந்து இன்னும் இரண்டு நிலை குறையும், வன்முறை இல்லை, யாரையும் நடுத்தெருவில் நிறுத்தவில்லை என்பது போன்ற நிபந்தனைகளோடு. அப்படியானால் 19, அதாவது 30 முதல் 37.

அப்ரூவராவது இதையெல்லாம் தாண்டியது. அரசு வக்கீலே மனுப் போட்டால் சட்டம் சொல்லும் குறைந்தபட்சத் தண்டனைக்கும் கீழே ஜட்ஜ் போகலாம். தீர்ப்புக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் இந்தக் கதவு திறந்திருக்கும், சில விதிவிலக்குகளில் அதற்கு மேலும். ஆனால் சாவி அரசு வக்கீல் கையில் மட்டும்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நீ சொன்னது எங்களுக்கு உபயோகப்படவில்லை" என்று அவர்கள் கைவிரித்தால் ஏறக்குறைய ஒன்றும் செய்ய முடியாது. அப்புறம் உள்ளே போனதும், சில சிறைகளில் மற்ற கைதிகள் "உன் பேப்பரைக் காட்டு" என்பார்கள், யாரைக் காட்டிக்கொடுத்து வந்தாய் என்று பார்க்க. இந்த வழியில் போகலாமா கூடாதா என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வக்கீல் சொல்லட்டும், மனசாட்சி சொல்லட்டும். குறைப்பு எவ்வளவு என்று கேட்டால், இதை விடப் பெரியது இல்லை.

போதைப்பொருள் வழக்குக்கு மட்டும் தனியாக ஒரு விலக்கு இருக்கிறது: முன்வரலாறு குறைவு, துப்பாக்கி இல்லை, தலைவன் இல்லை, தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டார் என்றால் கட்டாயக் குறைந்தபட்சம் பொருந்தாது. 2018-இல் அதை அகலமாக்கினார்கள். 2024-இல் உச்ச நீதிமன்றம் 'மற்றும்' என்ற ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று பக்கம் பக்கமாக வாதிட்டு மறுபடி குறுக்கிவிட்டது.

இனி தீர்ப்பு முடிந்து உள்ளே போனவருக்கு. இங்கேதான் 60 மாதத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

முதலாவது, நன்னடத்தை நாட்கள். தண்டனையின் ஒவ்வொரு வருடத்துக்கும் 54 நாள் வரை கழியும். எந்த மனுவும் வேண்டாம், சும்மா வம்பில்லாமல் இருந்தால் போதும். 60 மாதத்துக்கு 270 நாள், ஏறக்குறைய ஒன்பது மாதம். முன்பு சிறைத்துறை இதை உட்கார்ந்த நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டு வருடத்துக்கு 47 தான் கொடுத்துவந்தது. 2018 சட்டம் அதைத் திருத்தியதும், 2019 ஜூலை 19 ஒரே நாளில் 3,100 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். வருடத்துக்கு ஏழே நாள் வித்தியாசம்தான்! இன்னொரு வேடிக்கை: இந்தக் கழிவு ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை வாங்கியவருக்குத்தான். அதனால் 12 மாதம் வாங்கியவர் 365 நாளும் உட்கார வேண்டும், ஒரு வருடமும் ஒரு நாளும் வாங்கியவர் பத்து மாதம் சொச்சத்தில் வந்துவிடுவார். விவரமான வக்கீல் ஜட்ஜிடம் "ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள்" என்று கெஞ்சுவது இதற்காகத்தான். செல்போன் வைத்திருந்து மாட்டினால் இந்த நாட்களில் ஒரு பெரிய துண்டு ஒரே அடியில் போய்விடும்.

இரண்டாவது, 2018 டிசம்பரில் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தின் க்ரெடிட். ஒதுக்கப்பட்ட வகுப்புகளிலும் வேலைகளிலும் கலந்துகொண்டால் 30 நாளுக்கு 10 நாள் சேரும். மறுபடி குற்றம் செய்வார் என்ற ஆபத்து குறைவு என்று இரண்டு மதிப்பீட்டில் வந்துவிட்டால் 30 நாளுக்கு 15. இதில் 12 மாதம் வரை விடுதலைத் தேதியையே முன்னே இழுக்கும். அதற்கு மேல் சேர்ந்தது ஹாஃப்வே ஹவுஸ் (சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கவைக்கும் விடுதி) அல்லது வீட்டுக்காவலுக்குப் போகும். யாரும் கவனிக்காத ஒரு நுணுக்கம்: அந்த 12 மாதம் வேண்டுமென்றால் தீர்ப்பில் சிறைக்குப் பிந்தைய கண்காணிப்புக் காலம் என்று ஒன்று இருக்க வேண்டும், ஏனென்றால் சட்டப்படி இது அந்தக் கண்காணிப்புக்குச் சீக்கிரம் மாற்றுவதுதான். "கண்காணிப்பே வேண்டாம் ஐயா" என்று வாதாடி ஜெயிக்கிற வக்கீல் தன் கட்சிக்காரருக்கு ஒரு வருடம் நஷ்டம் பண்ணுகிறார். இதில் சேர முடியாத குற்றங்களின் பட்டியலும் நீளமானது: குற்றத்தில் துப்பாக்கி, பாலியல் குற்றம், பயங்கரவாதம், ஃபென்டனில் என்ற போதைமருந்து வழக்குகளில் சிலவகை என்று போகும். முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பில்லிங் மோசடி அதில் இல்லை.

மூன்றாவது, ஆர்டாப். போதைப்பழக்கத்துக்கான உள்ளிருப்புப் பயிற்சி, 500 மணி நேரம், ஒன்பது மாதமாவது ஆகும். வன்முறை இல்லாத வழக்கில் உள்ளவர் முடித்தால் ஒரு வருடம் வரை குறையும். 30 மாதம் அல்லது அதற்குள் தண்டனை என்றால் ஆறு மாதம் வரை, 36-க்குள் என்றால் ஒன்பது, அதற்கு மேல் பன்னிரண்டு. துப்பாக்கி சம்பந்தப்பட்டிருந்தால் இந்தக் குறைப்பு கிடையாது, 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றுவிட்டது. தனிக் கட்டடத்தில் தங்க வேண்டும். காலையில் வட்டமாக நாற்காலி போட்டுக் கூட்டம். அதில் ஒருவர் எழுந்து, "நேற்று ராத்திரி விளக்கணைத்த பிறகும் நீ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாய், மற்றவர்களைப் பற்றி யோசிக்கவில்லை" என்று இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்வார். சொல்லப்பட்டவர் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதில், கம்பெனி நடத்திய ஆளுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பாதியில் ஓடிவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒன்பது மாத அவமானத்துக்குக் கூலி பன்னிரண்டு மாதம்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். 60-இல் ஒன்பது போனால் 51. க்ரெடிட்டில் பன்னிரண்டு போனால் 39. ஆர்டாப்பில் பன்னிரண்டு போனால் 27. அந்த 27-இலும் கடைசி சில மாதங்கள் ஹாஃப்வே ஹவுஸிலோ வீட்டிலோ. எல்லாம் சரியாக அமைந்தால்தான், வரிசையில் இடம் கிடைத்தால்தான், மதிப்பீடு ஒழுங்காக வந்தால்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு டாலர் வக்கீல் ஃபீஸ் இல்லாமல், பாதிக்கு மேல் குறைய வழி இருக்கிறது. இதை எந்த அப்பீல் தரும்?

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, நம் ஆட்கள் பலர் எச்-1பியிலும் கிரீன் கார்டிலும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நன்னடத்தை நாட்கள் எல்லோருக்கும் உண்டு. 'விடும்போது எங்களிடம் ஒப்படையுங்கள்' என்ற குடிவரவுத் துறையின் பிடிப்பாணை இருந்தால் ஹாஃப்வே ஹவுஸுக்கு அனுப்ப மாட்டார்கள், அங்கே சிகிச்சையின் கடைசிப் பகுதியை முடிக்க வழியில்லாததால் ஆர்டாப்பின் ஒரு வருடமும் போயிற்று. க்ரெடிட்டைப் பொறுத்தவரை, இறுதி நாடுகடத்தல் உத்தரவு இருந்தால் அதைப் பயன்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. வெறும் பிடிப்பாணை வேறு, இறுதி உத்தரவு வேறு. சீக்கிரம் ஊருக்குப் போய்விடலாம் என்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தத்திலேயே நாடுகடத்தலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர், சில சமயம் ஒரு வருடக் க்ரெடிட்டையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். கிரிமினல் வக்கீலோடு குடிவரவு வக்கீலையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

மற்ற வழிகளை வேகமாகப் பார்த்துவிடலாம், வேகமாகப் பார்க்கத்தான் அவற்றில் விஷயம் இருக்கிறது. அப்பீலுக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் போட வேண்டும். ஒப்புக்கொண்டு போனவர்களில் நிறையப் பேர் அந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே விட்டுக்கொடுத்திருப்பார்கள். விசாரணைக்குப் போய்த் தோற்றவர் போடுவதில் தப்பில்லை, ஆனால் அதையே நம்பிக்கொண்டு வகுப்புக்குப் போகாமல் இருப்பது தப்பு. அதற்கடுத்து, என் வக்கீல் சரியாக வாதாடவில்லை என்பது போன்ற காரணங்களுக்கு ஒரு வருடத்துக்குள் போடும் மனு. உண்மையிலேயே வக்கீல், அரசுத் தரப்பு முன்வைத்த ஒரு பேரத்தைக் கட்சிக்காரரிடம் சொல்லாமல் மறைத்தார் என்கிற மாதிரி கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒன்று இருந்தால் போடுங்கள். கோபத்துக்குப் போடாதீர்கள்.

தண்டனை அட்டவணை மாறும்போது சில மாற்றங்கள் பழைய வழக்குகளுக்கும் பொருந்தும். 2014-இல் போதைப்பொருள் நிலைகளை இரண்டு குறைத்தபோது அப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். மேலே சொன்ன 2023 மாற்றமும் பழைய ஆட்களுக்குப் பொருந்தும், அந்த வகையில் முதல் விடுதலை 2024 பிப்ரவரி 1-இலிருந்து. இது லாட்டரி மாதிரி, சீட்டு மட்டும் இலவசம். வருடா வருடம் நவம்பரில் என்ன மாறியது என்று பார்த்துக்கொண்டால் போதும்.

கருணை விடுதலைக்கு முதலில் சிறையின் தலைமை அதிகாரியான வார்டனிடம் விண்ணப்பம் கொடுத்து 30 நாள் ஆகிவிட்டால், பதில் வராவிட்டாலும், கைதியே நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம். 2018-க்கு முன் சிறைத்துறை மனசு வைத்தால்தான் உண்டு. ஏற்கும் காரணங்கள் இந்த மாதிரி: பிழைக்க முடியாத நோய். 65 வயதாகி உடல் மோசமாகிவிட்டு பத்து வருடமோ தண்டனையில் முக்கால்வாசியோ முடித்திருப்பது. சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இறந்துபோவது. 2023-இலிருந்து, படுத்துவிட்ட பெற்றோருக்கு இவரை விட்டால் ஆளில்லை என்பதும். பெரும்பாலான மனுக்கள் தள்ளுபடிதான். 'வேறு ஆளில்லை' என்பதில்தான் நம் வீடுகள் தோற்கும். நாலு அண்ணன் தம்பி, இரண்டு அத்தை இருக்கிற குடும்பத்தில் வேறு ஆளில்லை என்று ஜட்ஜை நம்பவைப்பது கஷ்டம்.

கடைசியில் ஜனாதிபதி. ஒபாமா தன் எட்டு வருடத்தில் 1,715 பேரின் தண்டனையைக் குறைத்தார். பைடன் 2024 டிசம்பரில் ஒரே நாளில் ஏறக்குறைய 1,500, 2025 ஜனவரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 2,500. எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், ஆனால் முதல் கூட்டம் கோவிட் காலத்தில் ஏற்கெனவே வீட்டுக்காவலுக்குப் போனவர்கள், இரண்டாவது வன்முறையில்லாத போதைப்பொருள் வழக்குகள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி, மனுவின் மொழிநடை அல்ல. படிவத்துக்குக் காசு கிடையாது. நிரப்பி அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள். எழுதித் தருகிறேன் என்று ஐந்திலக்கத்தில் கேட்பவரிடம் "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

ராஜரத்தினத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன் ஒட்டுக்கேட்பு ஆதாரமே செல்லாது என்று நாட்டின் பெரிய வக்கீல்களை வைத்து அப்பீல் போனார். 2013-இல் தள்ளுபடி, 2014-இல் உச்ச நீதிமன்றம் எடுக்கவே மறுத்துவிட்டது. அவரை 2019 கோடையில் மன்ஹாட்டன் வீட்டுக்கு அனுப்பியது, 60 வயது தாண்டி மூன்றில் இரண்டு பங்கு தண்டனை முடித்தவருக்கு மீதியை வீட்டுக்காவலாக்கலாம் என்று ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவு. கோடிகளால் வாங்க முடியாததைப் பிறந்த தேதி வாங்கிக் கொடுத்தது. அந்தப் பிரிவும் இப்போது இல்லை, 2023 செப்டம்பரோடு காலாவதி ஆகிவிட்டது.

அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். பையன் உள்ளே போய் நாலு மாதம் ஆகியிருந்தது. கைதிகள் மின்னஞ்சல் பார்க்கும் கணினியில் ஒரு கேள்வித்தாள் வரும், அதை நிரப்பினால்தான் க்ரெடிட் கணக்கு ஓடும், இவர் அதைத் திறக்கவே இல்லை; அப்பீலில் ஜெயித்து வந்துவிடுவோம், இது எதற்கு என்று. அதை அந்த வாரமே நிரப்பச் சொன்னோம். ஆர்டாப்பில்தான் சிக்கல். தீர்ப்புக்கு முன் ஒரு அதிகாரி வந்து வாழ்க்கை வரலாறு முழுக்கக் கேட்டு அறிக்கை எழுதுவார், கைதாவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் குடிப்பழக்கம் இருந்ததா என்று சிறைத்துறை அதில்தான் முதலில் பார்க்கும். இவர் அறிக்கையில் அந்த இடத்தில் ஒரே வரி: எப்போதாவது விருந்துகளில்.

"எங்க பையன் அதெல்லாம் தொடவே மாட்டான்னு நாங்கதான் தம்பி அந்த ஆபீசர்கிட்டயும் சொன்னோம்" என்றார் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே. பையனின் மனைவி அதுவரை ஒன்றும் பேசவில்லை. இல்லாத பழக்கத்தை இருந்ததாகச் சொல்லச் சொல்லிக்கொடுக்கிற ஆலோசகர்கள்மேல் வழக்கே போட்டிருக்கிறார்கள், அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நான் ஆரம்பித்தேன். "இல்லாததா?" என்றார் அவர், மாமியாரைப் பார்க்காமல். கைதுக்கு ஏழெட்டு மாதம் முன்பு ஈரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டரிடம் போனதும், தினமும் எவ்வளவு என்று டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டதும், இவர் உண்மையைச் சொன்ன ஒரே இடம் அதுதான் என்பதும் மெல்ல மெல்ல வந்தது. கைதுக்கு முந்தைய 12 மாதத்துக்குள் ஒரு மருத்துவர் பார்த்து எழுதிய பதிவு இருந்தால் சிறைத்துறை அதையும் எடுத்துக்கொள்ளும். அம்மா எழுந்து காபி போடப் போய்விட்டார். நாங்கள் கிளினிக் நம்பரைத் தேட ஆரம்பித்தோம்.